நான் பேசாமல் இருந்த ஒன்பது நாட்கள்

இது வீரம் பேசும் கதையல்ல. என்னுடைய தவறு ஒன்றைப் பற்றியது. இதில் வரும் அக்காவின் சம்மதத்தைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் தவிர்த்துள்ளேன்.

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரபத்தனை வழியாக பஸ்ஸில் வந்தால், ஹோர்ட்டன் சமவெளிக்குக் கீழே எங்கள் டயகம இருக்கிறது. எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு பீலி உண்டு. வேலை முடிந்து கூடையை இறக்கி வைத்தபின் நாங்கள் ஐந்து பேரும் அங்கேதான் கூடுவோம். நான், என் மதினி, பிள்ளைக்காம்பராவில் வேலை செய்த தங்கச்சி, வன்னி அக்கா, வன்னி அக்காவின் அண்ணன் மனைவி. பிள்ளைகளின் காய்ச்சல் முதல் கணக்கப்பிள்ளையின் கோபம் வரை எல்லாவற்றையும் அங்கே பேசித் தீர்ப்போம். எங்களுக்குள் இரகசியம் ஏதும் இல்லையென்று நாங்களே பெருமையாகச் சொல்லிக் கொள்வோம். அது உண்மையில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வன்னி அக்கா பிறந்தது எங்கள் லயத்தில்தான். 1977 கலவரத்துக்குப் பிறகு பயந்துபோய் மலையகத்தை விட்டு வன்னிக்குச் சென்ற ஏராளமான குடும்பங்களில் அவருடைய குடும்பமும் ஒன்று. அப்போது அவருக்கு ஆறு வயது. அங்கே காடு வெட்டி, கிணறு தோண்டி, கல்யாணம் முடித்து வாழ்ந்தவர்கள், 2009இல் எல்லாவற்றையும் இழந்தார்கள். செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு 2010இல் தனியாக டயகமவுக்குத் திரும்பி வந்து, அண்ணன் வீட்டுக் காம்பராவின் ஒரு மூலையில் தங்கினார். தோட்டத்தில் பெயர் பதியாததால் கைக்காசுக்குத்தான் கொழுந்து பறித்தார். வந்த புதிதில் சிவில் உடையில் இரண்டு பேர் வந்து அவரைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்கள். அதோடு லயத்தில் சிலர் அவருடன் பேசப் பயந்தார்கள். நாங்கள் பயப்படவில்லை. ஆனால் அவருடைய குடும்பத்துக்கு என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஐவருக்கும் ஒரே அட்டை

2017இல் ஒரு கடன் கம்பனியின் உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நகை வேண்டாம், காணி உறுதி வேண்டாம், ஐந்து பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தால் போதும் என்றார். ஒருவருக்கு மற்ற நால்வரும் பிணை. ஆளுக்கு 30,000 ரூபா. கிழமைக்கு 780 ரூபா வீதம் 50 கிழமைகள் கட்ட வேண்டும். அக்கா தயங்கினார். "ஐந்து பேர் இல்லாவிட்டால் யாருக்கும் கிடையாது" என்றதும் எங்களுக்காகக் கையெழுத்து வைத்தார்.

அப்போது தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் அடிப்படை 500 ரூபா. எல்லாக் கொடுப்பனவும் சேர்ந்தால்தான் 730. முழுப் பேர் விழுந்த ஒரு நாள் உழைப்பும் ஒரு தவணைக்குக் காணாது. அதை நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை. வட்டி 30 சதவீதம் என்று மட்டும் கேட்டுக் கொண்டோம். 30,000 எடுத்து 39,000 கட்டினோம். ஆனால் முதலைக் கிழமைக்குக் கிழமை திருப்பிக் கொடுத்துக் கொண்டே வருகிறோம் அல்லவா? வருடம் முழுவதும் சராசரியாக நம் கையில் இருந்தது அரைவாசிப் பணம்தான். அப்படிப் பார்த்தால் நாங்கள் கொடுத்த வட்டி ஏறத்தாழ 60 சதவீதம்.

நான் சாதாரண தரம் வரை படித்தவள் என்பதால் கணக்குக் கொப்பி என்னிடம் இருந்தது. புதன்கிழமை இரவு எல்லாரும் ஒரு பிஸ்கட் பேணியில் காசைப் போடுவார்கள். நான் பெயருக்கு நேரே சரி போடுவேன். வியாழக்கிழமை பகல் கம்பனிக்காரர் வரும்போது நாங்கள் மலையில் நிற்போம். வீட்டில் இருக்கக்கூடிய அக்காதான் பேணியை அவரிடம் கொடுப்பார்.

அந்தக் காலத்தில் என் இளைய மகளுக்கு நெஞ்சு வருத்தம். அடிக்கடி கொழும்புக்குக் கொண்டு போக வேண்டியிருந்தது. பஸ் காசுக்கும் மருந்துக்குமாக வேறொரு கம்பனியில் இரண்டாவது கடன் எடுத்தேன். வீட்டுக்காரருக்கும் சொல்லவில்லை, தோழிகளுக்கும் சொல்லவில்லை. இரண்டு தவணையும் ஒரே கிழமையில் விழுந்தபோது பேணிக்குள் என் பங்கைப் போட முடியவில்லை. ஆனால் கொப்பியில் என் பெயருக்கு நேரே சரி போட்டேன்.

முதல் கிழமையே அக்கா கண்டுபிடித்துவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளை, 780 குறையுது" என்றார். நான் அழுதேன். எல்லாவற்றையும் சொல்லி, "அடுத்த கிழமை சரியாக்கிடுறேன் அக்கா. யாருக்கும் சொல்லிறாதீங்க" என்று கெஞ்சினேன். அவர் தலையாட்டினார். அடுத்த கிழமையும் என்னால் முடியவில்லை. அதற்கடுத்த இரண்டு கிழமையும் முடியவில்லை.

பீலியில் ஒதுக்கப்பட்டவர்

ஐந்தாவது வியாழன் கம்பனிக்காரர் வேலை முடியும் நேரத்துக்கு வந்தார். இஸ்தோப்பில் உட்கார்ந்து கொண்டு, "இந்தக் குழுவுல 3,120 ரூபா குறையுது. யாரோடதுன்னு எனக்குத் தேவையில்ல. குழுதான் பொறுப்பு. காசு வராம நான் எழும்ப மாட்டேன்" என்றார். பக்கத்து லயத்துச் சனமெல்லாம் வேடிக்கை பார்த்தது. கொப்பியைத் திறந்தால் எல்லாப் பெயருக்கும் சரி போட்டிருந்தது. அப்படியானால் காசு எங்கே போனது? பேணியைத் தூக்கிக் கொண்டு போனவர் ஒருவர்தானே.

எல்லாருடைய கண்ணும் அக்காவின் பக்கம் திரும்பியது. பழைய கேள்விகள் எல்லாம் கிளம்பின. "மாசா மாசம் ரெண்டாவது சனிக்கிழம எங்க போறீங்க? போன்ல ஏன் மெதுவாப் பேசுறீங்க? யாருக்குக் காசு அனுப்புறீங்க?" என்று மதினி கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து கொண்டார்.

நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் மதினி தன் தோட்டை அடகு வைத்துக் காசைக் கட்டினார். அன்றிலிருந்து மலையில் அக்காவுக்குப் பக்கத்து நிரையில் யாரும் நிற்கவில்லை. பீலிக்கு அவர் வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக் கொண்டு போய்விடுவார்கள். "வன்னியிலிருந்து வந்தவளை நம்பினது நம்ம தப்பு" என்றுகூடப் பேச்சு வந்தது. இன்னொன்றையும் ஒப்புக் கொள்கிறேன். காசை அவர் எடுக்கவில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். இருந்தும், அந்தச் சனிக்கிழமைப் பயணங்களைப் பற்றி எனக்கும் சந்தேகம் இருந்தது. அவர் மேல் ஏதாவது ஒரு குறை இருந்துவிட்டால் என் குற்றம் சிறிதாகிவிடும் என்று மனம் ஆசைப்பட்டது.

ஒன்பதாவது நாள் சனிக்கிழமை. அக்கா விடியற்காலை பஸ்ஸில் போய்விட்டார். பின்னேரம் அவருடைய அண்ணியே கதவைத் திறந்துவிட, மூவரும் அவருடைய இரும்புப் பெட்டியை இழுத்துத் திறந்தார்கள். நானும் வாசற்படியில் நின்றேன். உள்ளே காசு இல்லை. துணிகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதில் மீசை அரும்பிய ஒரு பையனின் படம், பொலிசில் செய்த முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவம், கிளிநொச்சி வரை போய் வந்த பஸ் டிக்கெட்டுகளை நூலால் கட்டிய ஒரு கட்டு. 2009இல் காணாமற்போனபோது மகனுக்குப் பதினெட்டு வயது என்று முறைப்பாட்டில் எழுதியிருந்தது.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். அக்கா மாதம் ஒரு முறை அந்தத் தாய்மாரோடு போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். இங்கே தெரிந்தால் 'புலி' என்று பெயர் வரும், அண்ணன் குடும்பத்துக்கும் விசாரணை வரும் என்று பயந்து மறைத்திருக்கிறார்.

பிள்ளைக்காம்பராத் தங்கச்சி அந்தப் படத்தைக் கையில் வைத்துக் கொண்டு அழத் தொடங்கினாள். அப்போதுதான் நான் சொன்னேன். கொப்பியில் நான் போட்ட பொய்ச் சரிகளைக் காட்டினேன். மதினி என்னை அடிக்கவில்லை. தோடில்லாத காதைத் தொட்டுக் கொண்டு எழும்பிப் போனார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை காலை அக்கா வந்தார். நான் காலைப் பிடித்தேன். "காசு இன்றைக்குப் போகும், நாளைக்கு வரும் பிள்ளை. அதுக்கு நான் கவலைப்படேல்லை. ஆனால் என்ர பிள்ளையின்ர படத்தை நான் காட்டாமல் நீங்கள் பார்த்துப்போட்டியள்" என்றார். அதன்பின் பல மாதங்கள் அவர் பீலியடியில் எங்களுடன் உட்காரவில்லை.

பிணையாகும் நட்பு

பின்னாளில் நான் வாசித்துத் தெரிந்து கொண்டவற்றையும் சொல்ல வேண்டும். சொத்தில்லாத பெண்கள் குழுவாகச் சேர்ந்து கடன் பெறும் முறையைப் பங்களாதேசில் பரப்பியது 1983இல் வங்கியாக உருவான கிராமீன் வங்கி. அதற்காக அதற்கும் அதை ஆரம்பித்த முகம்மது யூனுசுக்கும் 2006இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதே முறையை இலாபத்துக்காக நடத்தும் கம்பனிகள் கையிலெடுத்தபோது பல நாடுகளில் பெண்கள் நசுங்கிப் போனார்கள். இந்தியாவில் ஆந்திரப் பிரதேச அரசு 2010இல் அவசரச் சட்டம் கொண்டு வந்து இதைக் கட்டுப்படுத்த வேண்டி வந்தது. நம் நாட்டிலும் யுத்தம் முடிந்தபின் வடக்கு கிழக்கில் இக்கடன்கள் வீடு வீடாக நுழைந்தன. 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடனைக் கட்ட முடியாதிருந்த பெண்களுக்கு நிவாரணம் அறிவித்தது. 2021இல் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் வீதியோரம் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள்.

இந்தக் கடனில் அடகு வைக்கப்படுவது நகையல்ல, நட்பு. ஒருத்தி தவறினால் கம்பனிக்காரர் அவளைத் தேட வேண்டியதில்லை. தோழிகளே அவளைத் தேடிப் பிடிப்பார்கள். அதிலும் யாரிடம் ஏற்கெனவே ஒரு வாய்திறக்காத துயரம் இருக்கிறதோ, சந்தேகம் முதலில் அவர் மேல்தான் விழும். யுத்தத்தைக் கடந்து வந்த பெண்களிடம் அப்படிப்பட்ட துயரம் நிறையவே இருக்கிறது.

கணக்கு வெளியே, துயரம் உள்ளே

எங்களிடம் இரண்டு இரகசியங்கள் இருந்தன. அக்காவுடையது அவருக்கே சொந்தமானது. அதனால் யாருக்கும் ஒரு சதமும் நட்டமில்லை. அதை எப்போது, யாரிடம் சொல்வது என்பது அவருடைய உரிமை. என்னுடையது அப்படியல்ல. அது மற்ற நால்வரின் தலையிலும் விழக்கூடியது. அதை மறைக்க எனக்கு உரிமை இருக்கவில்லை. நாங்கள் இரண்டையும் குழப்பிக் கொண்டோம். திறக்க வேண்டிய கொப்பியைத் திறக்காமல், திறக்கக்கூடாத பெட்டியைத் திறந்தோம்.

கடன் முடிந்தபின் நாங்கள் கம்பனிப் பக்கம் போகவில்லை. மாதச் சீட்டு மட்டும் பிடிக்கிறோம். காசை இரண்டு பேர் எண்ணுவார்கள். கொப்பி ஒருவரிடம், பேணி இன்னொருவரிடம். அவரவர் பெயருக்கு நேரே அவரவரே கையெழுத்து வைக்க வேண்டும். எழுத வராதவர்களுக்காகக் கணக்கைச் சத்தமாக வாசிப்போம். வேறு இடத்தில் கடன் எடுத்தால் சீட்டு தொடங்க முன்பே சொல்லிவிட வேண்டும். "இந்த மாதம் என்னிடம் இல்லை" என்று சொல்பவரை ஏன் என்று குடைந்து கேட்பதில்லை. எத்தனை நாளில் தருவீர்கள் என்று மட்டும் கேட்போம். காசு குறைந்தால் முதலில் கொப்பியை ஆரம்பத்திலிருந்து பார்ப்போம். ஆளைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

கடன் வசூலிக்க வருபவர் வீட்டுக்குள் உட்கார்ந்து அவமானப்படுத்தினால் அதைப் பொறுத்துக் கொள்ள வேண்டியதில்லை. 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக ஆலோசனை தருகிறது.

மதினியின் தோட்டை மீட்டுக் கொடுக்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது. 2018இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் வேலை தொடங்கியபோது, அக்கா தன் படிவத்தை நிரப்ப என்னிடம்தான் கொண்டு வந்தார். பிளாஸ்டிக் உறையைத் தன் கையாலேயே திறந்து, மகனின் படத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். இந்தத் தடவை அவரே காட்டினார். மகனைப் பற்றி இன்றுவரை பதில் வரவில்லை.

இப்போதும் அவர் கிளிநொச்சிக்குப் போகிறார். போகும்போது மதினி தன் வீட்டுத் தேயிலைத் தூளில் அரைக் கிலோ கட்டிக் கொடுப்பார். அங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்குத் தேத்தண்ணி போடவாம். எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. எப்போது வருவீர்கள் என்று மட்டும் கேட்கிறோம். மத்தியானத்துக்குச் சோறு எடுத்து வைக்க வேண்டுமல்லவா?