கணனி எழும்பாவிட்டால் என்ன செய்வது?

1990இல் வீரமுனையை விட்டு ஓடியவர்களுக்குக் காணி உறுதியை எடுக்கவும் நேரமிருக்கவில்லை. தப்பிய உறுதிகளையும் பின்னர் எழுதிய விண்ணப்பங்களையும் இன்று கணனியில் பிரதியாக வைத்திருப்போர் உண்டு. அந்தக் கணனியில் ஒருநாள் விண்டோஸ் திறக்காவிட்டால், "அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவோம்" என்பார்கள். பொறுங்கள். அழித்தால் உறுதியின் பிரதியும் போய்விடும்.

மின்சாரம் வந்ததும் கணனியிலுள்ள ஒரு சிறு நிரல், இயங்குதளம் எங்கே இருக்கிறதென்று வரிசைப்படி தேடும். வழக்கமாக வன்தட்டைத்தான் பார்க்கும். தொடங்கும்போதே எஃப்12 போன்ற விசையை அழுத்தி (கணனிக்குக் கணனி இது வேறுபடும்) இறுவட்டைப் பார்க்கச் சொல்லலாம். ஜெர்மனியில் கிளவுஸ் நொப்பர் 2000இல் வெளியிட்ட நொப்பிக்ஸ் இப்படியான இறுவட்டு, இலவசமானது. அது வன்தட்டில் எதையும் எழுதாமல், தற்காலிக நினைவகத்திலேயே இயங்கும். பழுது விண்டோஸில் மட்டும் என்றால் பெரும்பாலும் கோப்புகள் திரையில் தெரியும்; அவற்றைப் பென்டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ளலாம். வன்தட்டு கடகடவென்று சத்தமிட்டால் உடனே நிறுத்தி, விடயம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இறுவட்டுப் போட இடமில்லாத புதிய கணனிகளுக்கு இன்னொரு பென்டிரைவை இதேபோல் தயாரிக்கலாம். கோப்பைச் சும்மா பிரதி செய்தால் கணனி எழும்பாது. அதற்கென்றுள்ள மென்பொருளால் எழுத வேண்டும். இத்தகைய சில இறுவட்டுகளில் 'நிறுவு' என்றொரு பொத்தானும் இருக்கும். பிரதி எடுத்து முடியும்வரை அதைத் தொடாதீர்கள்.