படகில் ஏற வேண்டியது இரத்தமா, நோயாளியா?

இதயத்தின் மேலறை ஒழுங்கில்லாமல் துடித்தால் அதன் மூலையில் இரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி கழன்று மூளைக்குப் போனால் பாரிசவாதம். சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்கும், உலோக வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கும், துடிப்புச் சீர்கெட்ட முதியவர்கள் பலருக்கும் இந்த ஆபத்து ஆயுள் முழுவதும் கூடவே வரும். இதைத் தடுக்கப் பல காலமாகக் கொடுக்கப்படுவது வோபரின் குளிசை. 1920களில் வட அமெரிக்காவில், பூசணம் பிடித்த தீவனப் பயிரைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் செத்து விழுந்தன. அதற்குக் காரணமான பொருளை 1940 ஆம் ஆண்டளவில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க்கின் குழு பிரித்தெடுத்தது. அந்த வழியில் உருவான வோபரின் 1948 இல் எலிமருந்தாகச் சந்தைக்கு வந்து, 1954 இல் மனிதருக்கான மருந்தாக அனுமதி பெற்றது. எலியைக் கொல்வதும் மனிதரைக் காப்பதும் ஒரே பொருள்தான்; வேறுபாடு அளவில் இருக்கிறது. சரியான அளவைச் சொல்வது இரத்தப் பரிசோதனை. யாழ்ப்பாணத்துத் தீவுகளில் இந்தச் சிகிச்சை நிலைப்பதும் குலைவதும் குளிசையைவிட அந்தப் பரிசோதனையில்தான் தங்கியிருக்கிறது என்பதே என் வாதம்.

அந்தப் பரிசோதனை, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை ஒப்பிட்டு ஓர் எண்ணாகச் சொல்லும். அந்த எண்ணுக்கு ஐ.என்.ஆர். என்று பெயர். மருந்து எடுக்காதவருக்கு அது ஏறத்தாழ 1. வோபரின் எடுப்பவருக்குப் பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். சில உலோக வால்வுகளுக்குச் சற்றுக் கூடுதலாக. இறங்கினால் கட்டி உருவாகும், 4ஐத் தாண்டிப் போகப் போக இரத்தக் கசிவின் ஆபத்து ஏறும். இந்த எண் ஓரிடத்தில் நிற்பதில்லை. முருங்கையிலையிலும் வல்லாரையிலும் பொன்னாங்காணியிலும் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைக்கும். கீரையை விட்டுவிட வேண்டியதில்லை, கிழமைக்குக் கிழமை ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். சில அன்டிபயோட்டிக் மருந்துகள் எண்ணை உயர்த்திவிடும். கடையில் தானாக வாங்கும் நோவுக் குளிசைகள் பல, எண் சரியாக இருக்கும்போதே வயிற்றில் இரத்தம் கசியச் செய்யும். ஆகவே தொடக்கத்தில் அடிக்கடியும், நிலைப்பட்ட பின் மாதத்துக்கு ஒரு தடவை அளவிலும் பரிசோதிக்க வேண்டும்.

தீவுகள் எல்லாம் இதில் ஒரே நிலையில் இல்லை. ஊர்காவற்றுறைக்குத் தரைவழி உண்டு, ஆதார வைத்தியசாலையும் உண்டு. நயினாதீவார் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குக் கொஞ்ச நேரம் படகில் வந்தால் போதும். நெடுந்தீவாருக்கோ ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல், அதன்பின் புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று யாழ்ப்பாணம் வரை பஸ். ஒரு சொட்டு இரத்தத்துக்காக எழுபது வயதானவர் ஒரு முழு நாளைச் செலவழிக்க வேண்டுமென்றால், கடல் கொந்தளிக்கும் வாடைக் காலத்தில் அவர் போகாமல் விடுவதை அசட்டை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் ஐ.என்.ஆர். என்ற எண்ணே இப்படிப்பட்ட இடங்களுக்கு வாய்ப்பானது. முன்பு ஒவ்வோர் ஆய்வுகூடமும் பயன்படுத்திய இரசாயனத்தைப் பொறுத்து முடிவு மாறியது. 1983 இல் உலக சுகாதார நிறுவனம் இந்தப் பொது அளவை ஏற்றுக்கொண்டதன் பின், எங்கே அளந்தாலும் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். நெடுந்தீவு வைத்தியசாலையில் தாதி ஒருவர் விரல் நுனியில் குத்தி, கையடக்கக் கருவியில் சில நிமிடங்களில் எண்ணைப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்து வைத்தியர் தொலைபேசியில் அளவைச் சொல்லலாம். எண் மிகவும் உயர்ந்து காட்டினால் மட்டும் ஆய்வுகூடத்தில் உறுதிசெய்ய வேண்டும், அந்த உயரத்தில் கருவிகள் பிசகக்கூடும். கருவி இல்லையென்றாலும் வழி இருக்கிறது. சிற்றேற்று உப்பு கலந்த குழாயில் எடுத்த இரத்தம், வெயில் படாமலும் ஐஸில் வைக்காமலும் மிதமான வெப்பத்தில் இருந்தால், இந்தப் பரிசோதனைக்கு 24 மணி நேரம் வரை தாங்கும். காலைப் படகில் குழாய் போகட்டும், நோயாளி வீட்டில் இருக்கட்டும். விரலில் குத்திக் கருவியில் பார்ப்பதற்கு ஆதாரமும் உண்டு: 2010 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வீட்டில் தாங்களே கிழமைதோறும் விரலில் குத்திப் பார்த்தவர்களுக்கும் மாதந்தோறும் நல்ல கிளினிக்குக்குப் போனவர்களுக்கும் பாரிசவாதம், பெரிய இரத்தக் கசிவு, மரணம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. பயிற்சி பெற்ற நோயாளிகளால் முடிந்தது தாதியால் முடியாதா?

கடல் சூழ்ந்த ஊரில் இரத்தக் கசிவு வந்தால் என்ன செய்வது, அஸ்பிரின் போதாதா என்று கேட்பார்கள். பயம் நியாயமானது. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் துடிப்புச் சீர்கெட்ட, 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் நடத்தி 2007 இல் வெளியான பாஃப்டா ஆய்வில், வோபரின் எடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு 1.8 சதவீதமும் அஸ்பிரின் எடுத்தவர்களுக்கு 3.8 சதவீதமும் பாரிசவாதமோ அதற்கு நிகரான பெரிய பாதிப்போ நேர்ந்தது. பெரிய இரத்தக் கசிவில் வோபரின் மோசமாக இருக்கவில்லை. அதோடு, மூளையில் அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும். இரவில் நெடுந்தீவில் விழுந்தவருக்கு அந்த நேரம் கடலிலேயே கரைந்துவிடும். தூரம் அதிகம் என்பது தடுப்பைக் கைவிடக் காரணமாகாது, இன்னும் கவனமாகத் தடுப்பதற்கே காரணம். வோபரின் அளவு மிஞ்சினால் அதை முறிக்கும் வைட்டமின் கே மருந்தைத் தீவு வைத்தியசாலையிலேயே வைத்திருக்கலாம்.

ஐ.என்.ஆர். பரிசோதனை வேண்டாத புதிய குளிசைகள் இருக்கின்றனவே என்பது இதைவிட வலுவான கேள்வி. வால்வு நோய் இல்லாமல் துடிப்பு மட்டும் சீர்கெட்டவர்களுக்கு அவை நல்லவை. கிடைக்கும் இடத்தில் தீவாருக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்பேன். எல்லோருக்கும் அவை பொருந்தாது. உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவற்றில் ஒன்றான டபிகட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வு, தீங்கு மிகுந்ததால் இடையில் நிறுத்தப்பட்டது. வாதக்காய்ச்சலால் இதயம் பழுதாகித் துடிப்பும் சீர்கெட்ட 4,500க்கும் மேற்பட்டோரிடம் ஆசியா, ஆபிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா எங்கும் நடந்த இன்விக்டஸ் ஆய்வில் (2022), இன்னொரு புதிய குளிசையான ரிவரொக்சபான் எடுத்தவர்களைவிட வோபரின் வகை மருந்து எடுத்தவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது. புதியவை உடம்பிலிருந்து விரைவாக வெளியேறுவதால், மருந்து தீர்ந்து படகும் ஓடாத இரண்டு நாள் போதும் காப்பு அறுந்துபோக. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவையும் மாற்ற வேண்டும். அதற்கும் அவ்வப்போது இரத்தம் எடுத்துப் பார்த்தாக வேண்டும். அந்தக் குழாயும் அதே காலைப் படகில் போகலாம்.