நாடி தட்டாத கை

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மலையிறங்கி ஓடுகிறோம். நமக்குக் கை வலித்தால் மட்டும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறோம். சகோதரிகளே, அந்தக் கைவலியைக் கொஞ்சம் கவனியுங்கள்.

கொல்லிமலை தேவனூர் நாட்டில் என் நாத்தனார் மகளுக்கு இருபத்தாறு வயசு. இரண்டு குழந்தைகள். ஆறு மாதமாகச் சோர்வு, விட்டு விட்டுக் காய்ச்சல். கொடியில் துணி போடக் கையைத் தூக்கினால் இடது கை கனத்துப் போகும். ரத்தம் பத்தலை என்றார்கள் ஊரில். ஒருநாள் பிரஷர் பார்க்க வந்த நர்ஸம்மாவுக்கு இடது மணிக்கட்டில் நாடியே தட்டுப்படவில்லை. வலது கையிலோ பிரஷர் எக்கச்சக்கம். "என்ன அத்தை, எனக்கு உசிரு இருக்குதா இல்லையா?" என்று சிரித்தாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பெரிய ஆஸ்பத்திரியில் சொன்ன பெயர் டகாயாசு நோய். 1908-ல் மிகிடோ டகாயாசு என்ற ஜப்பானியக் கண் டாக்டர், ஓர் இளம்பெண்ணின் கண் ரத்தக் குழாய்களில் கண்ட மாறுதலை எடுத்துச் சொன்னார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் சுவர் தடித்து, உள்ளே வழி குறுகிவிடும். பெரும்பாலும் நாற்பது வயதுக்குள் உள்ள பெண்களுக்குத்தான் வருகிறது. கவனிக்காமல் விட்டால் பக்கவாதம், இதயக் கோளாறு வரை போகும்.

குழாய் குறுகியிருப்பதை ஸ்கேனில் பார்த்துவிடலாம். ஆனால் உள்ளே அழற்சி இன்னும் கனன்றுகொண்டிருக்கிறதா, தணிந்து தழும்பாகிவிட்டதா? ரத்தப் பரிசோதனை சில சமயம் சரியாக இருந்தும் நோய் உள்ளே இருக்கும். இதற்குத்தான் பெட்-சி.டி. என்று இரண்டு ஸ்கேனைச் சேர்த்து எடுக்கிறார்கள். சி.டி. வீடு எங்கே இருக்கிறது என்று காட்டும். பெட், அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று காட்டும்.

லேசான கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். பந்தியில் பசித்தவன் இலைக்கே சோறு அதிகம் போவதுபோல, அழற்சியுள்ள இடம் சர்க்கரையை அதிகம் இழுத்துப் படத்தில் ஒளிரும். அதனால் ஆறு மணி நேரமாவது வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். ஊசி போட்டபின் சுமார் ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருக்க வேண்டும்.

கர்ப்பமாக இருந்தாலும், பால் கொடுத்தாலும், சர்க்கரை வியாதி இருந்தாலும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஸ்கேன் முடிந்து சில மணி நேரம் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் ஒளி மங்கிவிடும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். செலவு கூடுதல், கதிர்வீச்சும் உண்டு; எல்லாருக்கும் இது தேவைப்படாது. டாப்ளர், எம்.ஆர். ஸ்கேனே பலருக்குப் போதும்.

எங்கள் பெண்ணுக்கு மகாதமனியிலும் இடது தோள் குழாயிலும் ஒளி தெரிந்தது. ஸ்டீராய்டும் வேறு மாத்திரையும் நடக்கிறது. காய்ச்சல் விட்டுவிட்டது, கைவலி குறைந்திருக்கிறது, நாடி இன்னும் மெலிசுதான். மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது, நோய் அடங்கும்வரை அடுத்த குழந்தையை நினைக்கக்கூடாது என்பது டாக்டர் கட்டளை.

இந்தியாவில் இந்த நோயாளிகள் நிறையப் பேர் என்பதால், நோயின் வேகத்தை அளக்க நம் நாட்டு டாக்டர்களே ஒரு மதிப்பெண் முறை வகுத்து 2013-ல் வெளியிட்டார்கள். அதில் முதல் வேலை கையால் நாடி பார்ப்பதும், பிரஷர் எடுப்பதும்தான்.

அதற்குக் காசு செலவில்லை. அடுத்த தடவை பிரஷர் பார்க்கும்போது, "இன்னொரு கையிலயும் பாருங்கம்மா" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.