வீக்எண்ட் சுத்தறதுக்காக கார் வாங்கப் போறீங்களா? முதல்ல ஆறு மாசம் சென்னையை ரயில்ல சுத்துங்க

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி உங்க யு.பி.ஐ. ஹிஸ்டரியை ஒரு தடவை ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. சனிக்கிழமை மத்தியானம் சமைக்க அலுப்பா இருந்துச்சுன்னு ஒரு பிரியாணி ஆர்டர். சாயங்காலம் மாலுக்கு ஆட்டோ. படம், இடைவேளையில பாப்கார்ன். "சும்மா பார்க்கலாம்"னு நுழைஞ்ச கடையில ஒரு டி-ஷர்ட். வர்ற வழியில டின்னர். ரெண்டு பேருக்கும் சேர்த்து 2,500 ரூபாய்னு வைச்சுக்கலாம். மாசத்துக்கு 10,000.

செலவு பண்ணினது தப்பில்ல. சம்பாதிக்கிறதே அதுக்கும் சேர்த்துத்தான். ஆனா திங்கட்கிழமை ஆபீஸ்ல யாராவது "வீக்எண்ட் என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டா, "ஒண்ணும் பெருசா இல்ல, வீட்லதான்"னு பதில் சொல்றீங்க பாருங்க, அங்கதான் கணக்கு இடிக்குது. 2,500 ரூபாய் போயிருக்கு, ஞாபகத்துல ஒண்ணும் தங்கல.

இதைக் கவனிச்ச ஜோடிகள் பொதுவா ரெண்டுல ஒண்ணு பண்றாங்க. சிலர் "இனிமே வெளியவே போகக் கூடாது"ன்னு சபதம் எடுப்பாங்க. ரெண்டு வாரம் தாங்கும். மூணாவது வாரம் வீட்டுக்குள்ள ஒரு சண்டை வரும், அதைச் சமாதானப்படுத்த கிரெடிட் கார்டை எடுத்துட்டு ஒரு ரிசார்ட்டுக்குப் போயிட்டு வருவாங்க. இன்னும் சிலர் நேர் எதிரா யோசிப்பாங்க: "நம்மகிட்ட வண்டி இல்லாததுதான் பிரச்சினை. ஒரு கார் இருந்தா வாரா வாரம் எங்கயாவது போலாம்." இந்த ரெண்டாவது முடிவுதான் எனக்குப் பயம். ரிசார்ட் பில் ஒரு மாசத்தோட போயிடும். கார் லோன் ஏழு வருஷம் கூடவே வரும்.

கணக்கைப் போட்டே பார்த்துடலாம். ஆன்-ரோடு 8 லட்சம் ரூபாய் வண்டி. 1.5 லட்சம் கையில இருந்து போட்டு, 6.5 லட்சம் லோன். 9.5 சதவீத வட்டி, 7 வருஷம். ஈ.எம்.ஐ. மாசம் சுமார் 10,600 ரூபாய். 7 வருஷத்துல வட்டி மட்டும் 2.4 லட்சத்துக்கு மேல. இதுக்கு மேல இன்சூரன்ஸ், சர்வீஸ், பெட்ரோல். பார்க்கிங் இல்லாத வாடகை வீடுன்னா அது தனிக் கதை, தினமும் தெருக்காரங்களோட சண்டை. ஆபீஸுக்கு மெட்ரோவுலயோ கம்பெனி கேப்லயோ போற ஆளா நீங்க இருந்தா, இந்த வண்டி வாரத்துல அஞ்சு நாள் கவர் போர்த்திக்கிட்டு நிக்கும்.

அதே சமயம், மாசம் ஒரு நாள் வாடகைக்கு கார் எடுத்தா? பெட்ரோலோட 4,000 ரூபாய்னே தாராளமா வைச்சுக்குவோம். வருஷத்துக்கு 48,000. ஈ.எம்.ஐ. மட்டுமே வருஷத்துக்கு 1,27,000.

குழந்தை இருக்கு, நடக்க முடியாத அப்பா அம்மா கூட இருக்காங்கன்னா இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்ல. காரோட அருமை அங்க வேற. ரெண்டே பேர், ரெண்டு பேருக்கும் சம்பளம், கார் ஆசைக்கு ஒரே காரணம் வீக்எண்ட்னா, ஷோரூமுக்குப் போறதை ஆறு மாசம் தள்ளிப் போடுங்க. அந்த 26 வாரமும் வாரத்துக்கு ஒரு நாள் சென்னையையும் சுத்துப்பட்டையும் சுத்துங்க. கார் உண்மையிலேயே வேணுமான்னு அதுலயே தெரிஞ்சுடும்.

காசை எப்படி ஒதுக்குறது?

மாசம் 3,500 ரூபாய், வாரத்துக்கு சுமார் 800. சம்பளம் வந்த அன்னிக்கே ஒதுக்கிடணும், மிச்சம் இருந்தா பார்க்கலாம்னு விடக் கூடாது. இதுக்கு யு.பி.ஐ. லைட் நல்ல உண்டியல். அதுல அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் வைக்க முடியும், ஒரு தடவைக்கு 1,000 ரூபாய்க்கு மேல கட்ட முடியாது. ஆட்டோ டாப்-அப் வசதியை மட்டும் அணைச்சு வைச்சிடுங்க, இல்லன்னா உண்டியலுக்கு அடியில ஓட்டை போட்ட மாதிரி. ஒரு வாரம் 300 ரூபாயோட முடிஞ்சா, மீதி 500 அடுத்த வாரத்துக்குப் போகட்டும். சேர்ந்தா ஒரு நாள் வாடகை கார்.

10,000 போன இடத்துல 3,500 போச்சுன்னா மாசம் 6,500 மிச்சம். ஆறு மாசத்துல 39,000. இதை எஸ்.ஐ.பி.யில போட்டா 20 வருஷத்துல எத்தனை லட்சம்னு கணக்குப் போட்டுக் காட்டறது எங்க தொழில்ல வழக்கம். நான் அதைச் செய்யப் போறதில்ல. இந்த 39,000 முதல்ல உங்க எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போகட்டும். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தா அதுக்கும் முன்னாடி அங்க. மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி ஓடுற கடனை வைச்சுக்கிட்டு முதலீட்டைப் பத்திப் பேசறதுல அர்த்தமே இல்ல.

சரி, எங்க போறது?

"சென்னையில பீச்சை விட்டா என்ன இருக்கு?"ன்னு கேட்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் இங்க அஞ்சு வருஷமா வேலை பார்க்கிறவங்க. பாவம், அவங்க பார்த்த சென்னை ஓ.எம்.ஆரும் வேளச்சேரியும்தான்.

மின்சார ரயில்ல டிக்கெட் 5 ரூபாய்ல ஆரம்பிக்குது. கடற்கரை–தாம்பரம் பாதையில 1931-லயே மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சுடுச்சு. ஊரோட முதுகெலும்பே இந்தப் பாதைதான். பஸ்னா, சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல 2021 மே மாசத்துல இருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்ல. அதனால வீட்டுக்காரம்மாவுக்கு பூஜ்யம், வீட்டுக்காரருக்கு மட்டும் டிக்கெட். "இன்னிக்கு என்னால எவ்வளவு மிச்சம் பாத்தியா?"ன்னு அவங்க கேட்கிறதைத் தாங்கிக்கத்தான் வேணும்.

பரங்கிமலை ஸ்டேஷன்ல இறங்கி, காலையில வெயில் ஏறுறதுக்குள்ள மலைப் படிக்கட்டு ஏறுங்க. மேல 1523-ல போர்ச்சுகீசியர் கட்டின தேவாலயம். கீழ ஏர்போர்ட், விமானம் இறங்குறதை உட்கார்ந்து பார்க்கலாம். 1802-ல வில்லியம் லாம்ப்டன் இந்தியாவையே அளக்கிற வேலையைத் தொடங்கினப்போ முதல் கோட்டை இழுத்தது இந்த மலைப் பக்கத்துல இருந்துதான். இமயமலை வரைக்கும் போன அளவு, நீங்க தினமும் கடந்து போற ஸ்டேஷன்கிட்ட ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு பேருக்கும் டீ, வடை சேர்த்து அன்னிக்குச் செலவு 100 ரூபாயைத் தாண்டாது.

இன்னொரு வாரம் கோட்டை ஸ்டேஷன். அடையாள அட்டையோட போங்க, தலைமைச் செயலகமும் உள்ளதான் இருக்கு. செயின்ட் மேரி தேவாலயம் 1680-ல திறந்தது. ராபர்ட் கிளைவுக்கு 1753-ல கல்யாணம் நடந்த இடம். கோட்டை மியூசியத்துல 1947-ல ஏத்தின தேசியக் கொடி ஒண்ணு இருக்கு. அதுக்கு முன்னாடி நின்னா ரெண்டு பேருமே கொஞ்ச நேரம் பேச மாட்டீங்க. சாயங்காலம் அப்படியே பர்மா பஜார் பக்கம் நடந்து போனா தள்ளுவண்டியில அத்தோ. 1960-கள்ல பர்மாவுல இருந்து எல்லாத்தையும் விட்டுட்டுத் திரும்பி வந்த தமிழர்கள் கையோட கொண்டு வந்த சாப்பாடு இது. நூடுல்ஸ், வெங்காயம், புளித் தண்ணி, கூட ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். மால்ல ஒரு பாப்கார்ன் காம்போ வாங்குற காசுல ரெண்டு பேரும் வயிறு நிறைய சாப்பிடலாம்.

மழை பெய்யுதா? கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல திறந்தது, உள்ள போக காசு கிடையாது, ஏ.சி. உண்டு, உங்க சொந்தப் புத்தகத்தை எடுத்துட்டுப் போய்ப் படிக்கவும் தனிப் பகுதி இருக்கு. நாலு மணி நேரம் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து ஆளுக்கு ஒரு புத்தகம் படிக்கிறது நல்ல ஞாயிற்றுக்கிழமை. பிடிக்காதவங்களும் இருப்பாங்க, அவங்க கேன்டீனுக்குப் போலாம்.

ஊருக்கு வெளியன்னா காஞ்சிபுரம். செங்கல்பட்டு வழியா மின்சார ரயிலே அங்க வரைக்கும் போகுது. பட்டுக் கடைப் பக்கம் திரும்பாம நேரா கைலாசநாதர் கோயிலுக்குப் போங்க. பட்டுக் கடைக்குப் போனா இந்தக் கட்டுரையோட கணக்கு மொத்தமும் கவிழ்ந்துடும். 1,300 வருஷப் பழைய மணற்கல் கோயில், ராஜசிம்ம பல்லவன் கட்டினது, கூட்டமும் இருக்காது. மாமல்லபுரத்துக்கு திருவான்மியூர் வழியா பஸ். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், ஒருத்தருக்கு 40 ரூபாய். அர்ச்சுனன் தபசு ரோட்டு ஓரத்துலயே இருக்கு.

வடக்கே பழவேற்காடு. பொன்னேரி வரைக்கும் மின்சார ரயில், அங்க இருந்து பஸ். டச்சுக்காரங்க 1613-ல கோட்டை கட்டின ஊர். இப்போ கோட்டை இல்ல, கல்லறைத் தோட்டம் இருக்கு. வாசல் தூண்ல எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். மீன் சாப்பாடு பிரமாதம். படகுல கூட்டிட்டுப் போறேன்னு யாராவது கூப்பிட்டா லைஃப் ஜாக்கெட் இல்லாம ஏறவே ஏறாதீங்க. 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு அந்த ஏரியில சுற்றுலா வந்தவங்க 22 பேர் போயிட்டாங்க.

வேடந்தாங்கலுக்குத்தான் உண்மையிலேயே வண்டி வேணும். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் பறவைகள் நிறைய இருக்கும், அதுவும் காலையில சீக்கிரமே போய்ச் சேரணும். பஸ் மாறி மாறிப் போறதுக்குள்ள வெயில் வந்துடும். சேர்த்து வைச்ச காசுல ஒரு நாள் கார் எடுக்க இதைவிட நல்ல காரணம் இல்ல. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்னு புரிஞ்சுக்கிட்ட ஊர்க்காரங்க, 1798-லயே அப்போதைய கலெக்டர்கிட்ட பாதுகாப்பு எழுதி வாங்கினாங்க. நல்ல முதலீட்டாளர்கள்.

கஷ்டங்களையும் சொல்லிடறேன். ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில் கம்மி, பராமரிப்பு வேலைன்னு ரத்தும் ஆகும். முடிஞ்சா சனிக்கிழமை கிளம்புங்க. ஏப்ரல், மே மாசத்துல காலை 9 மணிக்குள்ள வீடு திரும்புற மாதிரி பிளான் போடுங்க. சுத்தமான டாய்லெட் எங்க இருக்குன்னு முன்கூட்டியே பார்த்து வைங்க, இந்த ஒரு விஷயத்துலதான் பாதி அவுட்டிங் சண்டையில முடியுது.

இன்னொரு ஏற்பாடும் இருக்கு. ஒரு வாரம் ஒருத்தர் இடம் தேர்ந்தெடுக்கணும், அடுத்த வாரம் மத்தவர். தேர்ந்தெடுத்தவர்தான் ரயில் நேரம், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் பார்க்கணும். இன்னொருத்தர் முணுமுணுக்கக் கூடாது.

திரும்பி வரும்போது ரயில்ல ஒரே ஒரு பண விஷயம் பேசுங்க. ஊருக்கு மாசா மாசம் அனுப்புற பணம், தங்கச்சி கல்யாணத்துக்கு நாம எவ்வளவு போடுறது, மாமனாருக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்கலாமா. இதையெல்லாம் வீட்ல டைனிங் டேபிள்ல எதிரெதிர உட்கார்ந்து ஆரம்பிச்சா, "உங்க வீடு", "எங்க வீடு"ன்னு அஞ்சாவது நிமிஷம் குரல் ஏறிடும். ரயில்ல ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே பேசும்போது அப்படி ஏற மாட்டேங்குது. பக்கத்து சீட்ல ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருக்கிறதும் காரணமா இருக்கலாம். முடிவு எடுக்கணும்னு இல்ல. ரெண்டு பேருக்கும் நம்பர் தெரிஞ்சா போதும், மிச்சம் அடுத்த வாரம்.

எல்லாத்தையும் ஒரு ஷீட்ல எழுதுங்க: தேதி, இடம், செலவு. கடைசிக் கட்டத்துல "கார் இருந்தே ஆகணுமா?"ன்னு ஒரு கேள்வி, ஆமா, இல்லன்னு மட்டும் பதில். ரயில்ல கூட்டமா இருந்துச்சுங்கிறது "ஆமா" ஆகாது. போகவே முடியலைன்னாதான் "ஆமா". 26 வாரம் முடிஞ்சதும் எண்ணிப் பாருங்க. 15 "ஆமா" வந்திருந்தா தைரியமா ஷோரூமுக்குப் போங்க. கையில சேர்ந்த காசுல முன்பணத்தையும் கொஞ்சம் கூட்டிக்கலாம். நாலோ அஞ்சோதான்னா அந்த நாலு நாளைக்கு வாடகை வண்டி போதும்.

முதல் வாரத்துக்கு எழும்பூர் மியூசியம் வசதி, ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போயிடலாம். 1851-ல தொடங்கின மியூசியம். வெண்கலக் காட்சிக்கூடத்துல திருவாலங்காட்டு நடராஜரைப் பார்த்துட்டு, அதே வளாகத்துல 1896-ல திறந்த கன்னிமரா நூலகத்தையும் பார்த்துட்டு வாங்க. வெள்ளிக்கிழமை மட்டும் போயிடாதீங்க, அன்னிக்கு மியூசியம் லீவு.