புதுக்கோட்டை மாவட்டத்தில் நாய் வளர்ப்பு

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் நாய் வளர்ப்பு என்பது ஆடு மாடு வளர்ப்புடனும் மானாவாரி வேளாண்மையுடனும் இணைந்து நிலவும் ஒரு பழைய வழக்கமாகும். இங்குள்ள சிற்றூர்களில் நாய் பெரும்பாலும் வீட்டுக்குள் வைத்து வளர்க்கப்படுவதில்லை. அது வாசலில் உண்டு, திண்ணையோரம் உறங்கி, கட்டப்படாமல் தெருவிலும் வயலிலும் திரிகின்றது. ஒரே நாய்க்கு இரண்டு மூன்று வீடுகளில் சோறு வைக்கப்படுவதும் உண்டு. இதனால் வீட்டு நாய், தெரு நாய் என்ற பிரிவு இப்பகுதியில் தெளிவாக அமைவதில்லை. நாய்க்குச் சோறிடுபவர் பலராகவும், அதற்குத் தடுப்பூசி போடும் பொறுப்பை ஏற்பவர் எவரும் இல்லாமலும் போவது இவ்வழக்கத்தின் முதன்மையான சிக்கலாகும்.

பெயரும் சொற்களும்

தமிழில் நாயைக் குறிக்க ஞமலி, ஞாளி, சுணங்கன் முதலிய பழஞ்சொற்கள் உள்ளன. தொல்காப்பியத்தின் மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைப் பெயராகக் குருளை என்பதைக் குறிப்பிடுகின்றது. பேச்சு வழக்கில் ஆண் நாய் கடுவன் என்றும், பெண் நாய் பெட்டை என்றும், இளையது குட்டி என்றும் அழைக்கப்படுகின்றன. செவலை, கருப்பன், வெள்ளையன் என நிறத்தை ஒட்டிப் பெயரிடுவது பரவலான வழக்கம். மணி என்பது தமிழகமெங்கும் நாய்க்கு இடப்படும் பெயராகும்.

வரலாற்றுப் பின்னணி

தமிழகத்தில் நாய்க்கும் மனிதருக்கும் இருந்த உறவுக்குச் சிறந்த கல்வெட்டுச் சான்று திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில் உள்ள நடுகல்லாகும். முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த (கி. பி. 7-ஆம் நூற்றாண்டு) இக்கல், எருமைகளைக் காக்கும் போரில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நடப்பட்டது. அவனுடைய நாயும் கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன் என்பதும், அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்பதும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. கால்நடைக் காவலுக்கு நாயைச் சார்ந்திருந்த வாழ்க்கை முறையை இக்கல் காட்டுகின்றது.

புதுக்கோட்டைப் பகுதி தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்து, 1948-இல் இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது. 1974-ஆம் ஆண்டு தனி மாவட்டமானது. ஆறுகளை விடக் கண்மாய்களையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பிய வறண்ட நிலம் என்பதால் ஆடு மாடு வளர்ப்பு இங்கு முக்கியமான துணைத்தொழிலாக இருந்து வருகின்றது. நாயின் தேவையும் இதனாலேயே தொடர்கின்றது.

சமய வழக்கில் நாய் பைரவரின் ஊர்தியாகக் கருதப்படுகின்றது. அண்டையிலுள்ள சிவகங்கை மாவட்டத்தின் வைரவன்பட்டி பைரவருக்குப் பெயர்பெற்ற தலமாகும். தேய்பிறை எட்டாம் நாளில் பைரவரை வழிபட்டு நாய்களுக்கு உணவிடுவோர் பலர்.

வளர்க்கப்படும் நாய்கள்

மாவட்டத்தில் மிகுதியாகக் காணப்படுவது எவ்வினத்தையும் சேராத நாட்டு நாயாகும். நடுத்தர உடலும் குட்டையான மயிரும் கொண்ட இது வெப்பத்தைத் தாங்கக்கூடியது. குறைந்த உணவிலும் வாழக்கூடியது. இதனுடன், தென்மாவட்டங்களுக்குரிய இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய இனங்களும் ஆர்வமுடையோரால் வளர்க்கப்படுகின்றன. 2005 சனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய்கள் பற்றிய 4 அஞ்சல்தலைகளுள் ஒன்று இராசபாளையம் நாய்க்குரியது.

இராசபாளையம் இனத்தில் தூய வெள்ளை நிறமே பெரிதும் விரும்பப்படுகின்றது. வெள்ளை நிறத்துடன் தொடர்புடைய மரபுக் குறைபாட்டால் சில குட்டிகள் செவிடாகப் பிறக்கின்றன. எனவே குட்டியை வாங்குமுன் அதன் பின்னால் ஒலி எழுப்பிச் செவித்திறனை அறிவது நல்லது.

இராசபாளையம் வேட்டைக்கும் காவலுக்கும், சிப்பிப்பாறையும் கன்னியும் விரைந்தோடி முயல் பிடிப்பதற்கும் பெயர்பெற்றவை. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல் வேட்டை இன்று குற்றமாகும். ஓடுவதற்கென உருவான இந்நாய்களைக் குறுகிய சங்கிலியில் நாள் முழுதும் கட்டி வைத்தால் அவை எரிச்சலும் மூர்க்கமும் அடைகின்றன. நாள்தோறும் திறந்த வெளியில் ஓடவிடுவது இவற்றுக்கு உணவுக்கு அடுத்த தேவையாகும்.

பணிகள்

ஆட்டுக்கிடையில் இரவுக் காவல் நாயின் முதன்மையான பணி. நரியும் தெரு நாய்க் கூட்டமும் ஆட்டுக்குட்டிகளுக்கு அச்சுறுத்தலாக உள்ளன. நிலக்கடலை விளையும் காலத்தில் பன்றியையும் மயிலையும் விரட்டுவதற்கும், முந்திரித் தோப்பிலும் தென்னந்தோப்பிலும் காவலுக்கும் நாய்கள் பயன்படுகின்றன. ஆடுகளைக் காக்க வேண்டிய நாயே ஆட்டைக் கடித்து விடுவதும் உண்டு. அத்தகைய நிகழ்வு அண்டை வீட்டாருக்கிடையே சண்டையாகவும் இழப்பீட்டுப் பேச்சாகவும் முடிகின்றது. குட்டிப்பருவத்திலேயே ஆடுகளுடன் சேர்த்து வளர்க்கப்பட்ட நாயிடம் இவ்வியல்பு குறைவாக இருக்கும்.

உணவு

சிற்றூர் நாயின் உணவு வீட்டில் மிஞ்சியதாகும். பழைய சோறு, கேழ்வரகுக் கூழ், மோர் ஆகியவற்றுடன் இறைச்சிக் கடைக் கழிவும், மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மீன் கழிவும் கிடைக்கின்றன. வெறும் சோறு வயிற்றை நிரப்பினாலும் போதிய புரதத்தைத் தருவதில்லை. முட்டை, வேகவைத்த மீன் அல்லது இறைச்சி சிறிதளவு சேர்ப்பது வளரும் குட்டிக்கும் பாலூட்டும் பெட்டைக்கும் இன்றியமையாதது.

சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து உணவுக்குழாயையோ குடலையோ கிழிக்கக்கூடும். வெங்காயம் நாயின் குருதிச் சிவப்பணுக்களை அழிக்கின்றது. சாக்கலேட்டும் திராட்சையும் நஞ்சாகும். மனிதர் உட்கொள்ளும் காய்ச்சல் மாத்திரைகளை நாய்க்குக் கொடுப்பதும் பெருந்தவறாகும். பாரசிட்டமால், இபுப்ரோபென் ஆகியவை அதன் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை.

குட்டிப்பருவம்

நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்களாகும். குட்டிகள் பிறந்து 10 முதல் 14 நாட்களில் கண் திறக்கின்றன. 6 முதல் 8 வாரம் வரை தாயிடம் இருப்பது அவற்றின் உடலுக்கும் குணத்துக்கும் நல்லது. கண் திறந்தவுடனேயே குட்டியைத் தூக்கிச் செல்லும் பழக்கத்தால் பல குட்டிகள் சில நாட்களில் இறக்கின்றன.

இப்பருவத்தின் பெரும் அச்சம் பார்வோ வைரசு நோயாகும். 1978-இல் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட இந்நோயில் குட்டி உணவை மறுத்து, வாந்தியும் குருதி கலந்த கழிச்சலும் கண்டு, நீரிழப்பால் ஓரிரு நாளில் இறக்கக்கூடும். இந்நுண்மம் மண்ணில் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். எனவே ஒரு குட்டி இறந்த வீட்டில் உடனே வேறு குட்டியைக் கொண்டு வந்தால் அதுவும் நோயுறுவது வழக்கம். 6 முதல் 8 வார அகவையில் முதல் தடுப்பூசியும், பின்னர் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் வரை தொடர் ஊசிகளும் போடப்படுகின்றன. குடற்புழு நீக்க மருந்தை 2 அல்லது 3 வார அகவையிலேயே தொடங்கலாம்.

கோடையும் மழையும்

நாய்க்கு மனிதரைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. அது நாக்கை நீட்டி இரைத்தே உடல் வெப்பத்தைத் தணிக்கின்றது. அதன் இயல்பான வெப்பநிலை 38.3 முதல் 39.2 பாகை செல்சியசு ஆகும். 41 பாகையைக் கடந்தால் உயிருக்கு இடர் உண்டு. சித்திரை, வைகாசி மாதங்களில் தகரக் கொட்டகையிலோ வெயிலிலோ கட்டப்பட்ட நாய் வெப்பத்தாக்கால் சாய்ந்து விழுவது உண்டு. உடனே நிழலுக்குக் கொண்டு சென்று வயிறு, தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றை நீரால் நனைத்து, காற்றுப்படச் செய்து, மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். மரநிழலில் எப்போதும் தண்ணீர் நிரம்பிய ஒரு மண்தொட்டி பெரும்பாலான இடர்களைத் தவிர்த்து விடும்.

உண்ணி ஆண்டு முழுவதும் காணப்படும் தொல்லையாகும். குருதி உண்ட பெண் உண்ணி நாயின் உடலிலிருந்து இறங்கி, சுவர் வெடிப்பிலும் கூரை இடுக்கிலும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகின்றது. ஆகவே நாயின் மேலுள்ள உண்ணியை மட்டும் பிடுங்குவதால் பயன் குறைவு. அது படுக்கும் இடத்தையும் தூய்மை செய்ய வேண்டும். உண்ணியால் பரவும் காய்ச்சலில் நாய் சோர்ந்து உணவை மறுக்கும். மூக்கில் குருதி வடிதலோ சிறுநீர் கருத்தலோ காணப்படலாம். தொடக்கத்தில் மருத்துவம் செய்தால் குணமாகக்கூடியது.

சொறி நோய்க்கு வண்டியின் கழிவு எண்ணெயைப் பூசும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. நாய் அதை நக்குவதால் நஞ்சு உடலுக்குள் செல்கின்றது. தோலும் வெந்து போகின்றது. சொறியை உண்டாக்கும் சிற்றுண்ணிகளுக்கு எளிய மருந்துகள் கால்நடை மருந்தகங்களில் உள்ளன.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் மாவட்டத்தின் தென்னந்தோப்புகளையும் கால்நடைகளையும் பெரிதும் அழித்தது. புயல், வெள்ளக் காலங்களில் வீட்டை விட்டு வெளியேறுவோர் நாயை உடன் கொண்டு செல்ல இயலாவிடில் சங்கிலியையாவது அவிழ்த்துவிட வேண்டும்.

குட்டிகளைக் கைவிடுதல்

கடுவன் குட்டியையே வளர்க்க விரும்பிப் பெட்டைக் குட்டிகளைக் கண்மாய்க் கரையிலும் சந்தைத் திடலிலும் விட்டுவிடுவது பரவலாக உள்ளது. மேற்கு வங்கத்தில் 364 தெரு நாய்க் குட்டிகளைப் பின்தொடர்ந்த, 2016-இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே 7 மாத அகவையை எட்டியது. பிழைக்கும் பெட்டைகள் மீண்டும் ஈனுகின்றன. இவ்வாறு கைவிடப்படும் குட்டிகளாலேயே தெரு நாய்களின் எண்ணிக்கை குறையாதிருக்கின்றது. கருத்தடை அறுவை செய்து வளர்ப்பது இதற்குத் தீர்வாகும். அறுவை செய்த நாய் காவல் காக்காது என்ற கருத்து தவறானது. காவல் உணர்வு பழக்கத்தையும் பிறவிக் குணத்தையும் சார்ந்ததாகும்.

வெறிநாய்க்கடி நோய்

வெறிநோய் மூளையைத் தாக்கும் ஒரு வைரசு நோயாகும். அறிகுறிகள் தோன்றிய பின் இதிலிருந்து பிழைப்பது ஏறக்குறைய இல்லை. ஆனால் கடிபட்டவுடன் முறையாக மருத்துவம் செய்தால் இதை முழுதும் தடுக்கலாம். உலக அளவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இதனால் இறப்பதாக மதிப்பிடப்படுகின்றது. மனிதருக்கு இந்நோய் வருவதில் 99 விழுக்காடு நாய்களால் ஏற்படுகின்றது. இறப்போரில் சிறுவர்கள் பலர். அவர்கள் நாயுடன் விளையாடுகையில் ஏற்பட்ட சிறு கீறலைத் திட்டுக்கு அஞ்சி வீட்டில் சொல்லாது விடுவது ஒரு காரணமாகும்.

கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுவதே முதல் மருத்துவம். மிளகாய்த்தூள், மஞ்சள், சுண்ணாம்பு ஆகியவற்றைப் பூசக்கூடாது. தோலுக்குள் போடப்படும் ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடப்படுகின்றது. தோல் கிழிந்து குருதி வந்த காயத்துக்கு இதனுடன் எதிர்ப்புப் புரத ஊசியும் தேவை. அரசு மருத்துவமனைகளில் இவ்வூசி இலவசமாகப் போடப்படுகின்றது. வயிற்றில் 14 ஊசி என்ற பழைய அச்சம் இன்றும் சிலரைத் தயங்க வைக்கின்றது. அவ்வகை மருந்து இந்தியாவில் 2004-ஆம் ஆண்டின் இறுதியுடன் நிறுத்தப்பட்டது. இன்றைய ஊசி கையில் போடப்படுவது. நாட்டின் பழமையான வெறிநோய்த் தடுப்பு நிறுவனங்களுள் ஒன்று 1907-இல் குன்னூரில் நிறுவப்பட்டது.

நாய்க்கு 3 மாத அகவையில் வெறிநோய்த் தடுப்பூசியும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை மறு ஊசியும் போட வேண்டும். ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போடப்பட்டால் நோய்ப் பரவல் அறுந்து போகும். சோறு மட்டும் இட்டு ஊசி போடாது விடப்பட்ட நாய் ஊர் முழுவதற்கும் இடராவது இதனாலேயே. எவருடைய நாய் என்று அறியப்படாத நாய்க்கு ஊராட்சியோ சோறிடும் வீட்டாரோ பொறுப்பேற்பதே நடைமுறை வழியாகும்.

சட்ட நிலை

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் 2001-இல் வகுக்கப்பட்ட நாய்களுக்கான விதிகளுக்கு மாற்றாக, 2023-இல் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. தெரு நாய்களைக் கொல்வதற்கு மாறாக, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது இவ்விதிகளின் அடிப்படை. 2025 ஆகத்து 22 அன்று உச்ச நீதிமன்றம் வெறிநோயுற்ற, மூர்க்கமான நாய்களுக்கு இதில் விலக்கு அளித்தது. அவ்வாண்டு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் பிடிக்கப்படும் நாய்களை மீண்டும் அங்கு விடலாகாது எனவும் ஆணையிட்டது.

முதுமை

நன்கு பேணப்படும் நாட்டு நாய் 10 முதல் 13 ஆண்டுகள் வரை வாழக்கூடும். முதிய நாய்க்குக் கண்புரை, பல் உதிர்தல், மூட்டு நோவு ஆகியன வருகின்றன. காவலுக்கு உதவாதெனக் கருதி அதை வெளியூரில் கொண்டு விடுவோர் உளர். பழக்கமில்லாத இடத்தில் பிற நாய்கள் அதை அண்டவிடுவதில்லை. அது பெரும்பாலும் சில நாட்களில் இறந்து விடுகின்றது. மென்மையான உணவும், நனையாத படுக்கையும், வழக்கமான வாசலுமே முதிய நாய்க்குப் போதுமானவை. இறந்த நாயைத் தோட்டத்தில் புதைத்து, அவ்விடத்தில் ஒரு மரக்கன்றை நடும் குடும்பங்களும் உண்டு.