ஜார் மன்னர் மனுப்போட்ட கான்

1575 அக்டோபர் 30. மாஸ்கோவில் 'அனைத்து ரஷ்யாவின் பெருங்கோமான்' சிமியோனுக்கு ஒரு மனு எழுதப்பட்டது. எழுதியவர், நாட்டையே நடுங்க வைத்திருந்த ஜார் மன்னர் நான்காம் இவான். எளிய குடிமகனைப் போலத் தன் பெயரைக் குறுக்கி, தன் ஆட்களைப் பிரித்தெடுத்துக்கொள்ள அனுமதி தந்தருள வேண்டுமென்று பணிந்து கேட்டிருந்தார்.

அந்தச் சிமியோன் பிறப்பால் ரஷ்யர் அல்லர். ஈராண்டு முன்புவரை சாயின் புலாத் என்ற பெயரில், ஓகா ஆற்றங்கரையிலுள்ள காசிமோவ் என்ற சிற்றரசுக்குக் கானாக இருந்த தாத்தாரிய முஸ்லிம். இவானின் விபரீத நாடகத்தில் ஒரு பொம்மை என்று இரண்டு வரியில் அவரைக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொம்மையென்றால், எதற்காக அடுத்தடுத்து வந்தவர்களெல்லாம் அவரைக் கண்டு அஞ்சினார்கள்?

காசிமோவே ஒரு விசித்திரமான ஏற்பாடு. 1452 வாக்கில் மாஸ்கோவின் இரண்டாம் வசீலி, தன்னிடம் சேவகத்துக்கு வந்த தாத்தாரிய இளவரசர் காசிமுக்கு அந்த ஊரைக் கொடுத்தார். அங்கே கானாக வேண்டுமென்றால் செங்கிஸ்கானின் வம்சத்தில் பிறந்திருக்க வேண்டும்; ஆனால் யார் கான் என்பதை மாஸ்கோதான் முடிவுசெய்யும். பள்ளிவாசல் உண்டு, அரசவை உண்டு. போர் வந்தால் மாஸ்கோவுக்காகக் குதிரையேற வேண்டும். 1567இல் ஷா அலி கான் இறந்ததும் அந்த இடம் சாயின் புலாத்துக்குக் கிடைத்தது.

அவருடைய கொள்ளுப்பாட்டன் பெருங்கூட்டம் என்ற தாத்தாரிய அரசின் அகமது கான். 1480இல் கப்பம் கேட்டு உக்ரா நதிக்கரைவரை படையோடு வந்து நின்றவர். எதிர்க்கரையில் அன்று நின்றது இவானின் தாத்தா மூன்றாம் இவானின் படை. அகமதுவின் கொள்ளுப்பேரனோ மாஸ்கோவுக்காக லிவோனியாவில் படை நடத்தினார். 1573இல் ஞானஸ்நானம் பெற்றுச் சிமியோன் ஆனார். அந்நாளில் கிறிஸ்தவர் ஒருவர் காசிமோவை ஆள முடியாது. ஆறாண்டில் அந்தப் பட்டம் போயிற்று. உயர்குடி இளவரசர் இவான் ம்ஸ்திஸ்லாவ்ஸ்கியின் மகள் அனஸ்தாசியாவை மணந்தார்.

பிறகுதான் மாஸ்கோ அரியணை. இவான் கிரெம்ளினை விட்டு நெக்லின்னயா ஆற்றுக்கு அப்பால் குடியேறினார். ஆணைகள் சிமியோன் பெயரில் போயின. மணிமுடியை மட்டும் இவான் விடவில்லை. கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும் என்று ஆங்கிலத் தூதர் டேனியல் சில்வெஸ்டரிடம் அவரே சொல்லியிருக்கிறார். மடாலயங்களின் பழைய சாசனங்களைப் புது மன்னர் பெயரில் செல்லாதவையாக்கிப் பணம் பறிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று பின்னாளில் கைல்ஸ் ஃபிளெட்சர் எழுதினார். அந்த ஆண்டில் மாஸ்கோ மன்னருக்குச் சாவு என்று சோதிடர்கள் சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு. எந்தக் காரணமாயினும், நாட்டை நம்பவைக்க ஒரு கான் வம்சத்தவர் தேவைப்பட்டார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாதாரணப் பிரபு ஒருவரை அங்கே உட்கார வைத்திருந்தால் எடுபட்டிருக்காது.

சுமார் பதினோரு மாதங்களில், 1576இல், எல்லாம் முடிந்தது. இவான் அவரைக் கொல்லவில்லை. த்வேர் பகுதியைக் கொடுத்து அனுப்பினார்.

உண்மையான தண்டனை அதன் பிறகே தொடங்கியது. இவான் இறந்தபின் த்வேரும் பறிபோய், குஷாலினோ கிராமத்தோடு ஒடுங்கினார். 1598இல் போரிஸ் கோதுனோவ் ஆட்சிக்கு வந்தபோது, சிமியோனை மன்னராக்க நினைக்கவும் மாட்டோம் என்று மக்களிடம் சத்தியம் வாங்கப்பட்டது. முதியவருக்கு அதற்குள் பார்வை போயிருந்தது. கோதுனோவ் அனுப்பிய மதுவால்தான் கண் போயிற்று என்று பிரெஞ்சுப் படைத்தலைவர் மார்ஜெரெயிடம் அவர் சொல்லியிருக்கிறார். பார்வையற்ற அவரையும் விடவில்லை. 1606இல், இவானின் மகன் என்று சொல்லி அரியணையைப் பிடித்திருந்த போலி திமித்ரி, அவரை வலுக்கட்டாயமாகத் துறவியாக்கி கிரில்லோ-பெலோஸெர்ஸ்கி மடாலயத்துக்கு அனுப்பினார். திமித்ரியைக் கொன்று அரியணையேறிய வசீலி ஷூயிஸ்கி, அதே ஆண்டு சிமியோனை இன்னும் வடக்கே, வெண்கடல் தீவான சொலோவ்கிக்குத் தள்ளினார்.

இவர்களில் எவரும் அவர் கலகம் செய்ததாகக் காட்டவில்லை. செங்கிஸ் வம்சம், ஒருமுறை அமர்ந்த அரியணை, இரண்டும் சேர்ந்ததே குற்றமாயிற்று. துறவி ஸ்தெஃபானாக 1616 ஜனவரியில் அவர் இறந்தபோது ரோமனோவ் வம்சம் ஆட்சிக்கு வந்திருந்தது. காசிமோவில் சைபீரியாவின் குச்சும் கானுடைய பேரன் அர்ஸ்லான் கானாக இருந்தார். அந்தச் சிற்றரசு பாத்திமா சுல்தான் என்ற அரசியின் காலம்வரை, 1681வரை நீடித்தது.