அட்டையின் நிறத்தைக் கேள்

பிரான்சில் ஒரு புத்தகக் கடையின் நாவல் பகுதிக்கு முதன்முறையாகப் போகிறவர் சற்று ஏமாந்துபோவார். அட்டையில் மலை, கடல், பெண்முகம் எதுவும் இருக்காது. வெளிறிய பாலாடை நிறம், சுற்றிலும் கறுப்புக் கோடு, உள்ளே சிவப்புக் கோடுகள், சிவப்பு எழுத்தில் தலைப்பு. அவ்வளவுதான். பக்கத்து அடுக்கில் மஞ்சள் அட்டைகள், அதற்கடுத்து நீலக் கோடு கட்டிய வெள்ளை அட்டைகள். பழகிய வாசகருக்கு அந்த நிறங்களே போதும். பாலாடை நிறம் காலிமார், மஞ்சள் கிராஸே, நீலக்கோடு மினுய். ஆசிரியர் பெயர் கண்ணில் படுவதற்கு முன்பே புத்தகம் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

காலிமார் 1911இல் தொடங்கியது. காஸ்தோன் காலிமார், ஆந்த்ரே ழீத், ழான் ஷ்லம்பெர்ழே என்ற மூவர் ஓர் இலக்கியப் பத்திரிகையின் துணைநிறுவனமாக அதை ஆரம்பித்தார்கள். சார்த்தரின் ‘குமட்டல்’ 1938இலும் காம்யுவின் ‘அந்நியன்’ 1942இலும் அதே பாலாடை அட்டையில்தான் வந்தன. 2022இல் நோபல் பெற்ற ஆனி எர்னோவின் நூல்களும் அந்த வரிசையில் இருக்கின்றன. இப்படி ஒரே சாயலில், ஒரு பொறுப்பாசிரியரின் ரசனையில் வெளிவரும் நூல்வரிசைதான் பிரெஞ்சுப் பதிப்புலகின் அடிப்படை அலகு. எந்தப் பதிப்பகம் என்று கேட்பதோடு அங்கே வாசகர் நிற்பதில்லை, எந்த வரிசை என்றும் கேட்பார்.

ரசனை சறுக்குவதும் உண்டு. ப்ரூஸ்டின் பெருநாவலின் முதல் பாகத்தை 1912இல் இந்தக் குழு திருப்பி அனுப்பியது. மறு ஆண்டு ப்ரூஸ்ட் தன் கைக்காசைக் கொடுத்து கிராஸே வழியாக அதை அச்சிட்டார். ழீத் பின்னர் கடிதம் எழுதி வருத்தம் தெரிவித்தார். அடுத்த பாகம் காலிமாருக்கு வந்து, 1919இல் கோன்கூர் பரிசும் பெற்றது.

இவ்வளவு பத்தியமான அந்த வீட்டுக்குள்தான் 1945இல் கறுப்பும் மஞ்சளுமாக ஒரு வரிசை முளைத்தது. பெயர் ‘செரி நுவார்’, அதாவது கறுப்பு வரிசை. பெயர் வைத்தவர் கவிஞர் ழாக் ப்ரெவெர். நடத்தியவர் அவருடைய நண்பர் மார்செல் துஹாமேல். முதலில் வந்த இரண்டு நூல்களும் பீட்டர் செய்னியுடையவை. அடுத்து வந்தவர் ஜேம்ஸ் ஹாட்லி சேஸ். இருவருமே அமெரிக்கக் கதை எழுதிய ஆங்கிலேயர்கள். சேஸ் அமெரிக்காவை வரைபடத்தையும் கொச்சைமொழி அகராதியையும் வைத்துக்கொண்டே எழுதியவர். போர் முடிந்த பாரிஸுக்கு அது உறுத்தவில்லை. ஜாஸ், சிகரெட், அமெரிக்க சினிமா எல்லாவற்றின் மீதும் நகரம் பசியோடு இருந்த காலம் அது.

புதிரை அவிழ்க்கும் கெட்டிக்காரத் துப்பறிவாளர் கதை பிரெஞ்சு வாசகருக்குப் புதிதல்ல. 1927இல் அகதா கிறிஸ்டியின் ராஜர் அக்ராய்ட் நாவலோடு தொடங்கிய ‘ல மாஸ்க்’ வரிசை அந்தத் தேவையை ஏற்கெனவே நிறைவேற்றி வந்தது. துஹாமேல் வேறு வழியில் போனார். எல்லா முடிச்சும் அவிழும் என்று நினைக்காதீர்கள், சில சமயம் துப்பறிவாளரே வரமாட்டார் என்று வாசகருக்குச் சொல்லியே விற்றார். டாஷியல் ஹாமெட், ரேமண்ட் சாண்ட்லர் போன்றவர்களை பிரெஞ்சு வாசகர் பரவலாகப் படித்தது இந்த வரிசையில்தான். ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: பக்க அளவுக்குள் அடக்குவதற்காக அந்த மொழிபெயர்ப்புகளில் பத்தி பத்தியாக வெட்டினார்கள்; பாரிஸ் சந்துகளின் கொச்சையை அமெரிக்க ரவுடிகளின் வாயில் திணித்தார்கள். பல நாவல்களுக்கு முழுமையான புது மொழிபெயர்ப்பு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. ஆனாலும் அந்தக் கொச்சைதான் பிரெஞ்சுக் குற்றப் புனைவுக்கென்று ஒரு குரலை உண்டாக்கியது.

செஸ்டர் ஹைம்ஸின் கதை இதற்கெல்லாம் உச்சம். அமெரிக்காவில் இனவெறியையும் பதிப்பாளர்களின் அலட்சியத்தையும் பார்த்துச் சலித்து 1950களில் பாரிஸ் வந்த கறுப்பின எழுத்தாளர் அவர். அதுவரை எழுதியவை கனமான சமூக நாவல்கள். கையில் காசில்லை. துப்பறியும் நாவல் எழுதுங்கள் என்று துஹாமேல் கேட்டார். எனக்கு அது வராது என்று தயங்கிய ஹைம்ஸ், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் நடக்கும் ஒரு கதையை எழுதிக் கொடுத்தார். 1958இல் செரி நுவாரில் வந்த அந்த நாவல், அதே ஆண்டு பிரான்சின் குற்றப் புனைவுக்கான பெரும்பரிசை வென்றது. தன் நாட்டில் கிடைக்காத மரியாதையை ஓர் அமெரிக்கருக்கு ஒரு பிரெஞ்சு மலிவுவிலை வரிசை கொடுத்தது.

சினிமாக்காரர்களும் இந்த அலமாரியில் கைவைத்தார்கள். த்ருஃபோவின் ‘பியானோக்காரனைச் சுடுங்கள்’ (1960), கோதாரின் ‘பாந்த் ஆ பார்’ (1964) இரண்டுக்கும் மூலக்கதை செரி நுவாரில் வந்த அமெரிக்க நாவல்கள். 1971இலிருந்து ழான்-பத்ரிக் மான்ஷெத் இந்த வரிசையில் எழுதத் தொடங்கினார். 1968 மே மாதக் கிளர்ச்சியின் கசப்பு முழுவதும் துப்பாக்கிக் கதைக்குள் இறங்கியது. இன்று பிரான்சில் குற்றப் புனைவை இரண்டாந்தரம் என்று சொல்லும் விமர்சகர் அரிது.

நிறம் வழிகாட்டுவதெல்லாம் சரி. அந்த நூல்கள் அலமாரியில் தங்கினால்தானே வாசகர் கண்டெடுக்க முடியும்? பிரான்ஸ் அதற்குச் சட்டமே போட்டது. ஃப்னாக் என்ற கடைத்தொடர் 1974இல் புத்தக விற்பனையில் இறங்கி, எல்லா நூல்களுக்கும் 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தது. வாசகருக்குக் கொண்டாட்டம், தெருமுனைப் புத்தகக் கடைக்காரருக்குத் திண்டாட்டம். எதிர்த்துக் கிளம்பியவர் மினுய் பதிப்பகத்தின் ழெரோம் லேந்தோன். பல பதிப்பகங்கள் ஒதுக்கிய சாமுவேல் பெக்கெட்டின் ‘மொலோய்’ நாவலை 1951இல் வெளியிட்டவர் இவர். அப்படிப்பட்ட நூல் ஆண்டுக்குச் சில பிரதிகளாக மெல்ல விற்கும். அதை வைத்துக் காத்திருக்கச் சிறு கடைகள் வேண்டும். கூட்டம் சேர்க்கும் நூல்களைப் பெருங்கடைகள் தள்ளுபடியில் அள்ளிக்கொண்டு போய்விட்டால், சிறு கடைக்கு மெதுவாக விற்பதை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. லேந்தோனின் கணக்கு இதுதான்.

மித்தரான் அதிபரான கையோடு, பண்பாட்டு அமைச்சர் ழாக் லாங் 1981 ஆகஸ்டில் சட்டம் கொண்டுவந்தார். 1982 ஜனவரி முதல் நூலின் விலையைப் பதிப்பாளரே நிர்ணயிக்கிறார். எந்தக் கடையும் அதில் 5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது. பாரிஸின் பெருங்கடையிலும் மலையடிவாரக் கிராமத்திலும் ஒரே விலை. விலையில் போட்டியில்லை என்றானபின் கடைக்காரர்கள் தேர்விலும் பேச்சிலும் போட்டியிட்டார்கள். அட்டைமேல் சின்னச் சீட்டில் கையெழுத்தில் நாலு வரி எழுதி, தான் ரசித்த நூலைப் பரிந்துரைப்பது அங்கே கடைக்காரரின் அன்றாட வேலை. பிரிட்டனில் 1990களில் இத்தகைய விலை உடன்பாடு கலைந்தபின் பேரங்காடிகள் பெருவிற்பனை நூல்களைப் பாதி விலைக்கு விற்றன, தனிக் கடைகள் வரிசையாக மூடின. பிரான்சில் இன்றும் 3,000க்கும் மேற்பட்ட தனிக் கடைகள் இருக்கின்றன.

இணையம் வந்தபோது மறுபடியும் மல்லுக்கட்டு. 5 சதவீதத் தள்ளுபடியோடு இலவச அஞ்சலும் சேர்த்துத் தரக் கூடாது என்று 2014இல் சட்டம் வந்ததும், அமேசான் அஞ்சல் கட்டணமாக ஒரு சென்ட் வாங்கியது. சட்டத்தை மீறவில்லை, கேலி செய்தது என்று சொல்லலாம். அதற்குப் பதிலாக, 35 யூரோவுக்குக் குறைந்த கொள்முதலுக்குக் குறைந்தது 3 யூரோ அஞ்சல் கட்டணம் என்று 2023 அக்டோபரிலிருந்து விதி அமலானது.

மலிவுப் பதிப்பின் வரலாறும் நினைக்கத்தக்கது. 1953 பிப்ரவரியில் ஆஷெத் நிறுவனத்தின் ஆன்றி ஃபிலிப்பாக்கி ‘லிவ்ர் த போஷ்’ என்ற சட்டைப்பை நூல்வரிசையைத் தொடங்கினார். வண்ண அட்டை, ரயில் நிலையத்திலும் கிடைக்கும், விலையோ சொற்பம். கண்டவர் கையிலும் இலக்கியம் போவதா என்று அறிவுஜீவிகள் சிலர் முகம் சுளித்தார்கள். 1970களின் தொடக்கத்தில் காலிமார் இந்த வரிசையிலிருந்து தன் நூல்களை விலக்கிக்கொண்டு ‘ஃபோலியோ’ என்ற தன் சொந்த மலிவு வரிசையை ஆரம்பித்தது. அதன் அட்டை வெள்ளை, நடுவில் படம். நாவல் முதலில் பாலாடை நிறத்தில் வந்து, பின்னர் பாதி விலைக்கும் கீழே ஃபோலியோவாக மறுபடி பிறக்கும். பொறுமையுள்ள வாசகர் இரண்டாம் பிறவிக்குக் காத்திருப்பார்.

ஆகஸ்ட் கடைசியில் கோடை விடுமுறை முடிந்ததும் புத்தக வெள்ளம் வரும். அக்டோபருக்குள் ஏறக்குறைய 450 முதல் 500 நாவல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். இத்தனையையும் எந்த மனிதரும் படிக்க முடியாது. விற்காதவை பதிப்பாளரிடமே திரும்பிப் போகும். இலையுதிர்காலப் பரிசுகளுக்காக நடக்கும் சூதாட்டம் இது. கோன்கூர் 1903இல் தொடங்கியது. பத்து நடுவர்கள், ‘த்ருவான்’ உணவகத்தில் மதிய விருந்து, வென்றவருக்கு 10 யூரோவுக்கு ஒரு காசோலை. காசோலையைச் சட்டகத்தில் போட்டுச் சுவரில் மாட்டிவைப்பவர்கள் உண்டு. லாபம் வேறிடத்தில் இருக்கிறது: மறுநாளே நூலுக்குச் சிவப்புக் காகிதப் பட்டை சுற்றப்படும், விற்பனை லட்சங்களைத் தொடும். 2020இல் வென்ற எர்வே ல தெலியேவின் ‘அனொமலி’ 10 லட்சத்தைத் தாண்டியது. அந்த நாவல் பாதி அறிவியல் புனைவு, பாதி உளவுக்கதை. அட்டை மட்டும் பழைய பாலாடை நிறம்.

நடுவர்கள்மீது முணுமுணுப்பு எப்போதும் உண்டு. காலிமார், கிராஸே, செய் ஆகிய மூன்று பதிப்பகங்களும் பரிசுகளைப் பங்குபோட்டுக்கொள்கின்றன என்பதால் மூன்று பெயரையும் ஒட்டி ‘காலிக்ராசெய்’ என்று கிண்டலடித்தார்கள். 2021இல் ஒரு நடுவரின் துணைவருடைய நூல் முதற்பட்டியலில் வந்து சர்ச்சையானதும், உறவினர் நூல்களுக்கு இடமில்லை என்று விதி செய்தார்கள். நடுவர்களை ஏமாற்றிய பெருமை ரொமேன் காரிக்கு. ஒருவருக்கு ஒருமுறைதான் கோன்கூர். காரி 1956இல் வாங்கிவிட்டார். 1975இல் எமில் அழார் என்ற புனைபெயரில் எழுதி மறுபடியும் வென்றார். அழார் யார் என்ற உண்மை 1980இல் காரி இறந்தபிறகே ஊருக்குத் தெரிந்தது.

பரிசுகளைவிட நம்பகமான வழிகாட்டியாக ஒருகாலத்தில் இருந்தது தொலைக்காட்சி. 1975 முதல் 1990 வரை வெள்ளிக்கிழமை இரவுகளில் பெர்னார் பிவோ ‘அபொஸ்த்ரோஃப்’ நிகழ்ச்சியை நடத்தினார். நாலைந்து எழுத்தாளர்கள், ஒரு மேசை, சில சமயம் சண்டை. சனிக்கிழமை காலையில் கடைக்கு வருகிறவர்கள் முந்தின இரவு பார்த்த நூலைக் கேட்பார்கள். பள்ளி மாணவர்கள் படித்துத் தேர்ந்தெடுக்கும் தனி கோன்கூர் 1988இல் தொடங்கியது. பெரியவர்கள் தந்ததைவிட மாணவர்கள் தந்த பரிசை நம்பி வாங்குகிறவர்கள் பலர். அது நியாயமான நம்பிக்கை என்றே தோன்றுகிறது. பதின்பருவத்தினருக்கு எந்தப் பதிப்பகத்தோடும் கொடுக்கல் வாங்கல் இல்லை.

நாவல் பகுதியைத் தாண்டினால் கடையின் இன்னொரு முனையில் தரையிலேயே உட்கார்ந்து படிக்கும் கூட்டம் தெரியும். அது காமிக்ஸ் பகுதி. கோசினியும் உதெர்ஸோவும் 1959இல் ‘பிலோத்’ வார இதழில் தொடங்கிய ஆஸ்டெரிக்ஸ், அரைநூற்றாண்டுக்கு மேலாக அங்கே வீட்டுப்பிள்ளை. ஆங்கூலெம் நகரில் 1974இல் காமிக்ஸுக்கென்றே பெருவிழா தொடங்கியது. பெரிய, கெட்டி அட்டை ஆல்பங்களுக்கு மாற்றாக ‘லஸோசியாசியோன்’ என்ற ஓவியர்களின் சிறு பதிப்பகம் 1990இல் பிறந்தது. ஈரானில் பிறந்த மர்ஜான் சத்ராபியின் ‘பெர்சிபோலிஸ்’ கறுப்பு வெள்ளையில் 2000 முதல் அங்கேதான் வந்தது. ஜப்பானிய மங்காவும் அலமாரி அலமாரியாக நிற்கிறது. 18 வயதானவர்களுக்குப் பண்பாட்டுச் செலவுக்காக அரசு 2021இல் 300 யூரோ கொடுத்தபோது, பிள்ளைகள் பெருமளவு மங்காவாக வாங்கிக் குவித்தார்கள். பெரியவர்கள் சிலர் புலம்பினார்கள், கடைக்காரர்கள் புலம்பவில்லை.

இந்தப் பகுதியில் தமிழ் வாசகருக்குப் பழைய நண்பர்கள் பலர் கிடைப்பார்கள். சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ் ‘கேப்டன் டைகர்’ என்று அறிமுகப்படுத்திய குதிரைப்படை வீரர், ஷார்லியேயும் ழான் ஜிரோவும் 1963இல் பிலோத் இதழில் படைத்த ப்ளூபெரி. லக்கி லூக்கின் பல கதைகளை எழுதியவர் அதே கோசினி. பிரெஞ்சில் வந்த ‘பதின்மூன்று’ தொடர் தமிழில் ‘இரத்தப் படலம்’ ஆயிற்று.

இலக்கியத்தில் க்ரியா பதிப்பகத்துக்காக வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்த ‘அந்நியன்’ 1980இலேயே வந்துவிட்டது. மதனகல்யாணியோடு சேர்ந்து ‘குட்டி இளவரச’னையும், தனியே ப்ரெவெரின் கவிதைகளையும் அவர் தமிழுக்குக் கொண்டுவந்தார். செரி நுவாருக்குப் பெயர் வைத்த அதே ப்ரெவெர்தான். எதிர்த்திசையில், பாரிஸில் வாழும் ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தியின் கதைகளை ஸுல்மா என்ற தனிப் பதிப்பகம் 2018இல் பிரெஞ்சில் வெளியிட்டது. அவருடைய ‘இச்சா’ நாவலும் பின்னர் அங்கே வந்தது. கான் விழாவில் தங்கப்பனை வென்ற ‘தீபன்’ படத்தின் நாயகனாக மட்டும் அவரை அறிந்திருந்த பிரெஞ்சுக்காரர்கள், அவர் எழுத்தாளர் என்பதை அந்தப் புத்தகங்களின் வழியே அறிந்தார்கள். பிரெஞ்சு நூல்களை மொழிபெயர்க்க விரும்பும் இந்தியப் பதிப்பாளர்களுக்குப் பிரெஞ்சு அரசு தாகூர் பெயரில் உதவித்திட்டம் வைத்திருக்கிறது. தமிழ் நூல்களை வெளியிட விரும்பும் பாரிஸ் பதிப்பாளருக்கு இங்கிருந்து அதேபோன்ற உதவி தொடர்ந்து கிடைத்தால், ஸுல்மாவின் அடுக்கில் இன்னும் சில தமிழ்ப் பெயர்கள் சேரும்.